மருந்து பக்கத்து ஊரில் இருந்தது: வன்னி வைத்தியசாலை ஒன்றுக்குச் சிங்கப்பூரிலிருந்து உதவிய நிகழ்வு ஆய்வு

2022இல் இலங்கை நொடித்தபோது, வடக்கில் உள்ள வன்னியில் ஓர் ஆதார வைத்தியசாலைக்கும் (நடுத்தர அளவிலான அரசு ஆஸ்பத்திரி) அதைச் சுற்றியிருந்த சில சிறிய மருத்துவப் பிரிவுகளுக்கும் சிங்கப்பூரிலிருந்து ஒரு சிறு குழு உதவியது. அதில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஊர்ப்பெயர், ஆள்பெயர் எதுவும் இதில் இல்லை, சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்ட பிறகே எழுதுகிறேன். குழுவில் இரண்டு தாதியர், மருந்தகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், அப்புறம் சரக்குக் கிடங்கில் இருப்புக் கணக்குப் பார்க்கும் நான். ஒரு நாடு தள்ளாடும்போது அங்குள்ள ஆஸ்பத்திரிக்கு நாங்கள் என்ன அனுப்பலாம் என்று இங்கே அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். அவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

பின்னணி

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையின் பொதுச் சுகாதாரத்தை யாரும் வெளியிலிருந்து போய்க் கட்டிக்கொடுக்கத் தேவையில்லை. 1926இலேயே களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கிய நாடு அது. ஊருக்கு ஊர் வீடு தேடி வரும் குடும்பநல மாது, அவருக்கு மேலே சுகாதார வைத்திய அதிகாரி, காசு கேட்காத ஆஸ்பத்திரி. 1983 முதல் 2009 வரை போர் நடந்த நாட்டில், 2016இல் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது என்றால் அந்த அடித்தளம் எவ்வளவு உறுதியானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வன்னியில் 2009இல் இடிந்து கிடந்த ஆஸ்பத்திரிகள்கூடப் பிறகு எழுந்து நின்றன.

2022இல் உடைந்தது அரசின் கஜானா. மருந்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் டாலர் தீர்ந்தால் மருந்தும் தீரும். மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாய்க்கு அருகில் இருந்த ஒரு டாலர் மே மாதத்துக்குள் 360 ரூபாய் ஆகிவிட்டது. மார்ச் இறுதியில் நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகளை மருந்தில்லாமல் நிறுத்திவைத்த செய்தியும் அதே வாரத்தில்தான் வந்தது. ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது.

மருந்து எப்படிப் பயணம் செய்கிறது என்பது தெரிந்தால்தான் பின்னால் வருவது புரியும். கொழும்பில் மருத்துவ வழங்கல் பிரிவு, அங்கிருந்து ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பிராந்திய மருந்துக் கிடங்கு, அங்கிருந்து ஆதார வைத்தியசாலைக்கும் சின்னச் சின்னப் பிரிவுகளுக்கும். ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எஸ்ஆர் எண் உண்டு. எந்த மொழியில் எழுதினாலும், எந்தக் கம்பெனி மாத்திரை வந்தாலும், அந்த எண்ணை வைத்துத்தான் கேட்பார்கள், கொடுப்பார்கள், கணக்கு வைப்பார்கள்.

ஏப்ரல், மே: பைகளும் பட்டியல்களும்

செய்தி வாட்ஸ்அப்பில் பரவியதும் இங்கே யாரும் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்கள் தாதி ஒருவரின் வீட்டு வாசலில் பைகள் சேர ஆரம்பித்தன. அப்பா தவறிய பிறகு மிஞ்சிய ரத்த அழுத்த மாத்திரை, மருத்துவர் மாற்றிவிட்டதால் தொடாத கொழுப்பு மாத்திரை, பாதி தீர்ந்த இருமல் மருந்து, ஒரு சக்கர நாற்காலி. ஒரு பையில் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை அட்டைகள் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருந்தன. துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருந்தது, காலாவதித் தேதி அச்சிட்டிருந்த ஓரம் வேறு யாருடைய பைக்கோ போய்விட்டது, தொகுதி எண்ணும் இல்லை. இன்னொரு பையில் பேனாவில் போடும் இன்சுலின் குப்பிகள். எத்தனை நாள் குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே கிடந்தன என்று கொண்டுவந்தவருக்கே தெரியவில்லை. அதோடு அங்கே அரசு ஆஸ்பத்திரியில் பழக்கம் ஊசியில் உறிஞ்சிப் போடும் குப்பிதான். பேனாவே இல்லாத இடத்துக்குப் பேனாக் குப்பி போனால் யாருக்கும் பயனில்லை, அவசரத்தில் யாராவது அளவு மாற்றிப் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இதே நாட்களில் அந்த வைத்தியசாலையிலிருந்து எங்களுக்குப் பட்டியல்களும் வந்தன. ஒன்று விடுதியில் வேலை செய்யும் தாதி தன் உறவினர் வழியாக அனுப்பியது. இன்னொன்று ஒரு மருத்துவர் எழுதியது. மூன்றாவது வைத்தியசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கடிதம். மூன்றும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வாரம், ஆனால் மூன்றும் ஒத்துப்போகவில்லை. சங்கம் அல்ட்ராசவுண்ட் கருவி கேட்டது. மருத்துவர் விலை உயர்ந்த ஆன்டிபயாட்டிக் ஊசிகள் கேட்டார். தாதி கையுறையும், நரம்பில் மருந்து ஏற்றப் பொருத்தும் கன்யூலாவும் கேட்டார். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் நிற்கும் இடத்திலிருந்து தெரிந்த பற்றாக்குறையை எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த மூன்று பட்டியலிலும் ஒருவரின் கையெழுத்து இல்லை: மருந்துக் கிடங்கைப் பார்க்கும் மருந்தாளர். எங்கள் தாதி அவரைத் தேடிப்பிடித்து இரவு மின்சாரம் வந்த நேரத்தில் தொலைபேசியில் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். "அக்கா, சாமான் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா கண்டபடி வந்து குவிஞ்சா அதைப் பிரிச்சு எண்ணி எழுத இங்க ஆள் இல்லை. எழுதாத சாமான் எனக்கு இல்லாத சாமான் மாதிரித்தான். முதல்ல என்ர அட்டையளைப் பாருங்கோ."

அட்டை என்று அவர் சொன்னது மருந்து இருப்பை எழுதும் கணக்கு அட்டையை. எங்கள் முழு வேலையும் அந்தக் கடைசி வாக்கியத்திலிருந்துதான் திசை மாறியது.

முதல் முடிவு: சேகரிப்பை நிறுத்துவது

மே மாத நடுவில் மருந்து சேகரிப்பை நிறுத்தினோம். இது சுலபமாக நடக்கவில்லை. கொடுத்தவர்களின் மனம் நோகுமே என்று எல்லாருக்கும் தயக்கம். ஒரு நன்கொடையாளர் ஒரு கன்டெய்னர் முழுக்க அனுப்பினால் செலவைத் தானே ஏற்பதாகச் சொல்லியிருந்தார், அவர் விலகிக்கொண்டார்.

முடிவை உறுதியாக்கியது எங்கள் கருவிப் பெரியவரின் பேச்சு. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேவில் மெலாபோ என்ற ஊருக்குத் தொண்டூழியராகப் போய் வந்தவர் அவர். உலகமெங்குமிருந்து வந்த மருந்துப் பெட்டிகள் அங்கே மழையில் நனைந்துகொண்டு கிடந்ததையும், நோயாளிகளைப் பார்க்க வேண்டிய ஆட்கள் அவற்றைப் பிரித்துக்கொண்டிருந்ததையும் சொன்னார். அது அவர் ஒருவர் கண்ட காட்சி மட்டும் இல்லை. ஆச்சேவுக்குப் போன மருந்துகளைப் பிறகு ஆராய்ந்தபோது, 20 லட்சம் பேர்கூட இல்லாத பகுதிக்குச் சுமார் 4,000 டன் மருந்து வந்திருந்தது, அதில் 60 விழுக்காடு இந்தோனேசியாவின் மருந்துப் பட்டியலிலேயே இல்லை, 70 விழுக்காட்டில் அங்குள்ளவர்கள் படிக்க முடியாத மொழியில் பெயர் எழுதியிருந்தது. மிஞ்சியதை எரித்து அழிக்கும் செலவும் அவர்கள் தலையில்தான் விழுந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 1996 முதல் வெளியிட்டு வரும் மருந்து நன்கொடை வழிகாட்டி இதைத் தெளிவாகச் சொல்கிறது. கேட்டதை மட்டும் அனுப்பு. அந்த நாட்டுப் பட்டியலில் இருப்பதை அனுப்பு. போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடக் காலாவதி மிச்சம் இருக்கட்டும். ஒரு நோயாளிக்குக் கொடுத்துத் திரும்ப வந்ததை அனுப்பாதே. உன் நாட்டில் ஏற்கத் தகாத தரம் இன்னொரு நாட்டுக்கும் தகாது. எங்கள் வாசலில் கிடந்த பைகளில் ஒன்றுகூட இதைத் தாண்டவில்லை. பைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பணமாக மட்டும் வாங்கினோம்.

பணத்துக்கும் ஒழுங்கு இருக்கிறது. வெளிநாட்டு நற்பணிக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும், திரட்டியதில் 80 விழுக்காட்டை இங்கேயே செலவிட வேண்டும் என்பது பொது விதி, பேரிடர் நிவாரணம் போன்றவற்றுக்கு விலக்குக் கேட்கலாம். தெரிந்தவர்களிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கில் போட்டு அனுப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் அதிகம், அது கூடாது. ஏற்கெனவே பதிவுபெற்று அனுமதி வைத்திருந்த ஓர் அமைப்பின் வழியாகப் போனோம். நேரம் பிடித்தது, ஆனால் ஒவ்வொரு சிங்கப்பூர் வெள்ளிக்கும் கணக்கு இருந்தது.

அட்டைகளில் இருந்தது

இரண்டாவது முடிவு, எதையும் வாங்குவதற்கு முன்னால் இருப்பைப் பார்ப்பது. அதற்கு மருந்தாளர் தானாகப் படம் எடுத்து அனுப்பினால் அவருக்குத்தான் சிக்கல் வரும். அதனால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு முறையாகக் கடிதம் எழுதி அனுமதி வாங்கினோம். ஆதார வைத்தியசாலையில் கணினி இருந்தது, மின்சாரம் இருக்கும் நேரத்தில் வேலை செய்தது. சுற்றியிருந்த சிறிய பிரிவுகளில் கையால் எழுதும் அட்டைதான். வந்தது, போனது, மிச்சம், தொகுதி, காலாவதி. அவற்றைப் படம் எடுத்து அனுப்பினார்கள், இங்கே நாங்கள் இரவு வேளைகளில் ஒரு விரிதாளில் தட்டினோம். உயிர்காக்கும் மருந்து, அவசியமான மருந்து, இல்லாவிட்டாலும் சமாளிக்கக்கூடிய மருந்து என்று அவர்களே பிரித்து வைத்திருந்தார்கள். முதல் இரண்டு வகையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கிடங்கு வேலை பார்ப்பவனுக்கு அட்டையைப் பார்த்ததும் கண்ணில் படும் விஷயம் ஒன்று உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வல்புரோயேட் அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், எண்களைப் புரிவதற்காக முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். பிப்ரவரியில் 600 மாத்திரை போயிருக்கிறது, மார்ச்சிலும் 600. ஏப்ரல் 15ஆம் தேதி இருப்பு தீர்ந்துவிட்டது, அந்த மாதம் 300. மே மாதம் பூஜ்யம். நான்கு மாதச் சராசரி பார்த்தால் 375 வருகிறது. அடுத்த கேட்புப் படிவத்தில் "மாதத் தேவை 375" என்று எழுதினால் கொழும்பு அதையே நம்பும், அல்லது அதையும் குறைத்து அனுப்பும். உண்மையான தேவை மாதம் 600. மருந்து இல்லாத நாட்களைத் தேவை இல்லாத நாட்களாகக் கணக்கு எடுத்துக்கொண்டதால், பற்றாக்குறை தன்னைத்தானே சிறியதாகக் காட்டிக்கொண்டது. ஒரு தட்டுப்பாடு நீண்டுகொண்டே போனால் இந்தப் பிழை மாதாமாதம் ஆழமாகும். ஆகவே இருப்பு இருந்த நாட்களை மட்டும் வைத்து வகுத்தோம்: இரண்டரை மாதத்தில் 1,500, ஆக மாதம் 600. சின்னக் கணக்குதான். ஆனால் அந்த மாவட்டத்திலிருந்து கொழும்புக்குப் போன அடுத்த கேட்புப் படிவத்தில் பல மருந்துகளின் எண் இதனால் மாறியது.

இரண்டாவதாகத் தெரிந்தது இன்னும் பெரியது. ஆதார வைத்தியசாலையில் வல்புரோயேட் இல்லை. பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஒரு சிறிய பிரிவில் ஆறு மாதத்துக்கு மேல் இருப்பு இருந்தது, அங்கே வலிப்பு நோயாளிகள் சிலர்தான். ரத்த அழுத்தத்துக்கான லோசார்டன் இதற்கு நேர் எதிர்: பெரிய இடத்தில் இருந்தது, சிறிய இடங்களில் இல்லை. நாங்கள் பார்த்த மருந்துகளில் கணிசமானவை அந்த வட்டாரத்துக்குள்ளேயே இருந்தன, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் இல்லை. அந்தச் சிறிய பிரிவுக்குப் பக்கத்து ஊர்க்காரப் பெண் ஒருவர், தன் பிள்ளைக்கு ஆதார வைத்தியசாலை கிளினிக்கில் வழக்கமாகக் கிடைக்கும் மாத்திரை கிடைக்காததால், கையிலிருந்ததைப் பாதிப் பாதியாக உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று மருந்தாளர் சொன்னார். அவர் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் அலுமாரி நிறைய அதே மாத்திரை இருந்தது.

ஏன் பகிர்ந்துகொள்ளவில்லை

இந்தக் கேள்வியை இங்கே யாரிடம் சொன்னாலும் உடனே "அலட்சியம்" என்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஒரு சிறிய பிரிவின் பொறுப்பாளராக உங்களை நினைத்துப் பாருங்கள். அடுத்த சரக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மிச்சம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பிறகு உங்கள் ஊர் நோயாளிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே கேட்பதைக் கூட்டிக் கேட்பீர்கள், இருப்பதைக் குறைத்துச் சொல்வீர்கள். எல்லாரும் இப்படிச் செய்தால் மேலே இருப்பவருக்கு எந்த எண்ணும் நம்பும்படி இருக்காது. சூப்பர்மார்க்கெட்டில் அரிசி தீரப்போகிறது என்ற வதந்தி வந்தால் நாம் எல்லாரும் செய்வதும் இதுதான்.

எரிபொருளும் இல்லை. ஜூன் 28ஆம் தேதியிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசியச் சேவைகளைத் தவிர யாருக்கும் பெட்ரோல், டீசல் இல்லை என்று அரசே அறிவித்துவிட்டது. சுகாதாரத் துறைக்கு முன்னுரிமை இருந்தாலும், சில பெட்டி மாத்திரைக்காக ஒரு வாகனத்தை அனுப்பப் பணிப்பாளரால் முடியவில்லை.

மூன்றாவது முடிவு: திரும்பிப் போகும் ஆம்புலன்ஸ்

யோசனை எங்களுடையது இல்லை, அங்கிருந்த ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநருடையது. சிறிய பிரிவுகளிலிருந்து நோயாளியை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுவரும் ஆம்புலன்ஸ் வெறுமையாகத்தான் திரும்பிப் போகிறது. வரும்போது நோயாளியோடு ஒரு பெட்டியும் வரலாம், போகும்போது ஒரு பெட்டி போகலாம். நோயாளி இருக்கும்போது எங்கும் சுற்றிப் போகக் கூடாது, பெட்டி மூடி முத்திரையிட்டிருக்க வேண்டும், இரு பக்கமும் வழங்கல் சீட்டில் கையெழுத்து வேண்டும் என்ற நிபந்தனைகளோடு பணிப்பாளர் ஒப்புதல் கொடுத்தார். குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளை இந்த ஏற்பாட்டில் சேர்க்கவில்லை. 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரை காக்கும் பெட்டியும், அதைக் கண்காணிக்க ஆளும் இல்லாமல் இன்சுலினை ரோட்டில் அனுப்புவது சரியில்லை என்று தாதியர் இருவரும் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் பெட்டி போக வேண்டுமானால் முதலில் இருப்பை வெளியே சொல்ல வேண்டுமே. அதற்கு ஒரு விதியை மருந்தாளரும் நாங்களும் சேர்ந்து எழுதினோம். மூன்று மாதத்துக்கு மேல் இருப்பு வைத்திருப்பவர் கொடுப்பார், ஒரு மாதத்துக்குக் கீழே இருப்பவர் வாங்குவார், கொடுப்பவரின் இருப்பு எக்காரணம் கொண்டும் இரண்டு மாதத்துக்குக் கீழே போகக் கூடாது. அதோடு, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வாராவாரம் எல்லாப் பிரிவுகளுக்கும் தெரியும்படி ஒரே தாளில் வரும். முதல் வாரங்களில் தயக்கம்தான். ஒரு பிரிவு வல்புரோயேட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரமே தனக்கு இல்லாத லோசார்டன் வந்து சேர்ந்ததைக் கண்டது. அதற்குப் பிறகு அலுமாரிகள் திறக்க ஆரம்பித்தன. கணக்கில் இல்லாத பெட்டிகள் சில "மேல் தட்டில் இருந்தது" என்று அட்டையில் ஏறின. யாரும் யாரையும் விசாரிக்கவில்லை, அதில் மருந்தாளர் மிகக் கவனமாக இருந்தார். அவர் சொன்னது: "அண்ணை, நேற்று ஏன் ஒளிச்சது எண்டு கேட்டா நாளைக்கும் ஒளிப்பினம்."

இல்லாததை வாங்கியது

இதற்குப் பிறகும் எங்குமே இல்லாத பொருள்கள் இருந்தன. மூச்சுத்திணறலுக்கு நெபுலைசரில் போடும் சால்பியூட்டமால் கரைசல், சின்னப் பிள்ளைகளுக்கான கன்யூலா, சிறுநீர்க் குழாய், சர்க்கரை பார்க்கும் பட்டை. இவற்றைச் சிங்கப்பூரில் வாங்கிக் கப்பலில் அனுப்பவில்லை. ஒரே வெள்ளிக்கு கொழும்பில் அதிகம் கிடைத்தது, அங்கே பதிவுபெற்ற பொருள், எஸ்ஆர் எண்ணோடு அட்டையில் ஏறக்கூடியது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. நாடு முழுக்கத் தட்டுப்பாடான பொருளைக் காசு கொடுத்து வன்னிக்கு இழுத்தால் இன்னொரு மாவட்டத்து நோயாளியிடமிருந்து பிடுங்குவதாகிவிடும். ஆகவே பிராந்தியக் கிடங்கு எழுத்தில் கேட்டதை மட்டும், விநியோகிப்பவரிடம் தாராளமாக இருந்தால் மட்டும் வாங்குவது என்று வைத்துக்கொண்டோம். சர்க்கரைப் பட்டையும் சிறுநீர்க் குழாயும் அப்படிக் கிடைத்தன. கன்யூலாவுக்கும் நெபுலைசர் கரைசலுக்கும் உரிமம் பெற்ற இறக்குமதியாளர் இந்தியாவிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது, மருந்து ஒழுங்குமுறை அதிகாரசபையின் அனுமதியெல்லாம் முடிந்து சரக்கு வர மாதங்கள் ஆயின. வாங்கியவை எல்லாம் பிராந்தியக் கிடங்கின் கணக்கில் ஏறி, அதன் வழியாகத்தான் போயின. எங்கள் குழுவின் பெயரில் தனி அலுமாரி எதுவும் வைக்கவில்லை.

கருவிகள்

கருவிப் பெரியவர் வேலை தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். கோவிட் காலத்தில் நன்கொடையாக வந்த நோயாளிக் கண்காணிப்புத் திரைகள் சில மூலையில் கிடந்தன. காணொளி அழைப்பில் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டச் சொன்னார். பெரும்பாலானவற்றில் திரையில் கோளாறே இல்லை, விரலில் மாட்டும் ஆக்சிஜன் உணரியின் கம்பி அறுந்திருந்தது, அல்லது பின்னால் பேட்டரி உப்பியிருந்தது. மூன்று கம்பெனித் திரைகள், மூன்று விதமான செருகி, ஒன்றின் உணரி மற்றதில் பொருந்தாது. செருகியின் துளைகளை எண்ணச் சொல்லி, அருகில் அளவுகோல் வைத்துப் படம் எடுக்கச் சொல்லித்தான் எதை வாங்குவது என்று முடிவு செய்தார். வாங்கிய உணரிகள் எல்லாம் சேர்ந்து ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கின, புதிய திரை ஒன்றின் விலையில் சிறு பங்குகூட ஆகவில்லை. சங்கம் கேட்ட அல்ட்ராசவுண்டை வாங்கவில்லை, ஏனென்றால் அதை இயக்கத் தெரிந்தவர் அப்போது அங்கே பணியில் இல்லை.

கருவிகளைக் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவின் கதவு ரப்பர் தேய்ந்து ஆவி கசிந்தது. உள்ளூரில் டயர் ரப்பரை வெட்டிப் போடலாமா என்று கேட்டார்கள். 121 பாகை செல்சியஸில் அழுத்தத்தோடு நிற்கும் பாத்திரம் அது, வேண்டவே வேண்டாம் என்றார். சரியான ரப்பர் வரும் வரை மாவட்டத்தின் இன்னொரு ஆஸ்பத்திரியில் கிருமிநீக்கிக் கொண்டுவந்தார்கள், அதுவும் அதே ஆம்புலன்ஸில்தான்.

சம்பளக் கேள்வி

செப்டம்பரில் எங்களுக்குள் பெரிய விவாதம். மருந்தாளருக்கும் அவருக்கு உதவியவருக்கும் மாதாமாதம் ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்றார் எங்கள் தாதி. விலைவாசி ஒரே வருடத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஏறியிருந்தது, அவர்கள் சம்பளம் அப்படியே நின்றது. கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் ஓர் ஆஸ்பத்திரியில் இருவருக்கு மட்டும் வெளிநாட்டுக் காசு வந்தால் மற்றவர்கள் அந்தத் தாளை "அவர்களுடைய வேலை" என்று ஒதுக்கிவிடுவார்கள், எங்கள் காசு நின்ற நாளில் வேலையும் நின்றுவிடும். ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டில் இதன் பெரிய வடிவம் நடந்தது. அங்கே அரசு சுகாதார நிலையங்களில் பெரும்பகுதி வெளிநாட்டு நிதியில், தொண்டு நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் ஓடியது. ஆட்சி மாறி நிதி நிறுத்தப்பட்டதும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களில் சம்பளமும் மருந்தும் கேள்விக்குறியாகின. வேறு வழி இல்லாத நாட்டில் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும். இலங்கையில் வழி இருந்தது, சம்பளம் குறைவாக இருந்தாலும் வந்துகொண்டிருந்தது. ஆகவே சம்பளம் கொடுக்கவில்லை. சூரிய ஒளியில் ஓடும் விளக்குகள், எல்லாப் பிரிவுக்கும் பொதுவாக டேட்டா செலவு, தாள், அட்டை இவற்றை ஏற்றோம். தாதிக்கு இந்த முடிவில் இன்றும் முழு உடன்பாடு இல்லை. அவர் பக்கத்தில் இருக்கும் நியாயத்தை நானும் மறுக்க மாட்டேன்.

பிறகு நடந்தது

2022 இறுதிக்குள் நாங்கள் பின்தொடர்ந்த மருந்துகளில் ஒரு பிரிவில் முற்றாக இல்லாமல் இன்னொரு பிரிவில் குவிந்திருந்த நிலை பெருமளவு குறைந்தது. வல்புரோயேட் அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் எங்கும் பூஜ்யமாகவில்லை. மாத்திரையை உடைத்துக் கொடுத்த தாய்க்குத் தன் ஊருக்குப் பக்கத்துப் பிரிவிலேயே மாத்திரை வாங்கும்படி கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தார்கள். இன்சுலினிலும் சில ஆன்டிபயாட்டிக்குகளிலும் எங்களால் எதுவும் மாறவில்லை. அவை நாட்டுக்குள்ளேயே இல்லை, இந்தியக் கடனுதவியிலும் மற்ற நாடுகளின் நன்கொடையிலும் கொழும்புக்கு வந்தபோதுதான் வன்னிக்கும் வந்தன.

2023 தொடக்கத்தில் மருந்தாளர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அந்த ஆண்டில் மருத்துவர்கள், தாதியர், மருந்தாளர்கள் என்று ஏராளமானோர் போனார்கள், அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வாரத் தாள் நின்றது. இரண்டு மாதத்துக்கு மேல் எந்தத் தாளும் வரவில்லை, மேல் தட்டுகளில் மறுபடியும் பெட்டிகள் ஏறியிருக்கும் என்றே நினைக்கிறேன். மார்ச் மாதத்தில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி உறுதியாகி நிலைமை கொஞ்சம் தளர்ந்த பிறகு, பிராந்தியக் கிடங்கின் எழுதுவினைஞர் (எழுத்தர்) ஒருவர் அதைத் தானாகக் கையில் எடுத்தார். நாங்கள் வைத்திருந்த நீளமான விரிதாளைத் தூக்கிவிட்டு, மிக அவசியமான மருந்துகளை மட்டும் வைத்து, மாதம் ஒருமுறை, ஒரே பக்கத்தில். எங்களிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் இல்லை. இந்த முழு நிகழ்விலும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது அந்தத் தகவல்தான்.

அடுத்த முறை மாற வேண்டியவை

தாளைத் தொடங்கும் நாளிலேயே அதைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் மாவட்ட அலுவலகத்தில் இருக்க வேண்டும். எழுதுவினைஞர் வைத்த ஒரு பக்கத் தாள்தான் முதல் நாளிலிருந்தே சரியான அளவு. மருந்து இல்லாத நாட்கள் என்று அட்டையிலேயே ஒரு கட்டம் வேண்டும், பிறகு உட்கார்ந்து தேதி பார்த்துக் கணக்குப் போடுவது நேரத்தை விழுங்குகிறது. சிங்கப்பூர்ப் பக்கத்தில், நிதி திரட்டும் அனுமதி உள்ள ஓர் அமைப்போடு நெருக்கடி வருவதற்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும், செய்தி வந்த பிறகு தேடினால் வாரங்கள் போய்விடும். கருவி நன்கொடை கொடுக்க நினைப்பவர்கள் அதோடு இரண்டு வருடத்துக்கான உணரி, பேட்டரி, வடிகட்டி இவற்றையும் சேர்த்து வாங்கட்டும், அதற்குக் காசு போதாவிட்டால் கருவியின் எண்ணிக்கையைக் குறைக்கட்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. எங்கள் தாள் மருந்தை எண்ணியது, ஆளை எண்ணவில்லை. அட்டையில் ஏறுவது வந்து வாங்கிப் போனவர்களின் மாத்திரை. பேருந்து இல்லாமல், காசு இல்லாமல், "போனாலும் மருந்து இருக்காது" என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் எந்த அட்டையிலும் இல்லை. அவர்களை அறிந்தவர்கள் வீடு வீடாகப் போகும் குடும்பநல மாதர்கள்தான், அவர்களிடம் ஆரம்பத்தில் யாரும் கேட்கவில்லை. எழுதுவினைஞரின் புதிய தாளில், கிளினிக் பதிவேட்டில் பெயர் இருந்தும் இரண்டு மாதமாக வராதவர்கள் எத்தனை பேர் என்று கடைசியில் ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது. அந்த எண்ணிக்கை மாதாமாதம் குடும்பநல மாதர்களிடம் போகிறது, அவர்கள் தேடிப் போகிறார்கள். வேறு நாட்டுக்காக யாராவது எங்களிடம் அந்தத் தாளின் மாதிரியைக் கேட்டால் அந்தக் கட்டத்தோடுதான் இப்போது கொடுக்கிறோம்.